ஐந்து பேரிடம் சொன்ன ரகசியம்

தேநீர்த் தட்டோடு கூடத்துக்கு வந்த மகளைச் சமையலறை வாசலிலேயே மறித்து ஓரமாகக் கூட்டிப்போனார் வக்கீல். அசல் வக்கீல் இல்லை. மூன்று வருடமாக அப்பா எழுதிவந்த டிவி மர்மத் தொடரில் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வருபவர். கண் சிவந்திருந்தது. அழுகை உண்மைதான்.

“ஒங்கப்பா என்கிட்ட மட்டும் ஒரு ரகசியம் சொல்லிருக்காரும்மா,” என்றார். “கதைல முதலாளியக் கொன்னது நான்தானாம். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு. இன்னிவரைக்கும் விடல.”

அவள் தலையாட்டிவிட்டு ஒரு தேநீரை எடுத்துக் கொடுத்தாள். கூடத்தின் நடுவே அப்பா ஒன்றும் அறியாதவர்போல் படுத்திருந்தார்.

பத்து நிமிடம் கழித்து டாக்டர் வந்தார். அவரும் தொடரில்தான் டாக்டர். அவரும் குரலைத் தாழ்த்தினார். அவரிடம் மட்டும்தான் அப்பா சொல்லியிருந்தாராம். பிறகு, தொடரில் அந்த வீட்டு மூத்த மருமகளாக வருபவள் இவள் தோளில் சாய்ந்து அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொன்றது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். தோட்டக்காரரும் டிரைவரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து தக்க சமயம் பார்த்துக்கொண்டிருந்தது நன்றாகவே தெரிந்தது. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

சரியான ஆளுப்பா நீ, என்று நினைத்துக்கொண்டாள். தான்தான் குற்றவாளி என்று நம்பினால் முகத்தில் ஒரு திருட்டு முழி தானாக வந்துவிடும். கடைசி நாள்வரை வேலை உண்டு என்ற நிம்மதியும் இருக்கும். ஆனால் சிரிப்பு அடங்கியதும் இன்னொன்று தோன்றியது. ஐந்து பேரிடமும் சொன்னார் என்றால் அவருக்கே யாரென்று தெரியாது என்றுதானே அர்த்தம்?

அப்பாவுக்கும் அவளுக்கும் இது மூன்று வருடச் சண்டை. அவள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுபவள். மாடிப்படி எங்கே போய் முடியும் என்று தெரியாமல் முதல் படியைக் கட்டுவார்களா என்று கேட்பாள். போகிற போக்கில் அடித்துவிடுகிறாய் என்பாள். அவரோ, முதல் நாள் படப்பிடிப்பன்றே முடிவை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, டிவி நிலையத்து பீரோவில் வைத்தாகிவிட்டது என்று சாதிப்பார். பேட்டிக்குப் பேட்டி இதையே சொல்லி ஊரெல்லாம் பெருமையாகிவிட்டது. கை நடுங்க ஆரம்பித்த கடைசி இரண்டு மாதமும் அவர் சொல்லச் சொல்ல அவள்தான் காட்சிகளை எழுதினாள். அப்போதும் கொலையாளியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பதினோரு மணிக்கு டைரக்டர் வந்தார். கையில் அந்த உறை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடைசி வாரப் படப்பிடிப்பு. பிரித்துப் படித்தால்தான் ஏற்பாடு செய்ய முடியும், இந்த நேரத்தில் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும் என்று தடுமாறினார். ஐந்து பேரும் மெல்ல எழுந்து பக்கத்தில் வந்தார்கள். ஐந்து முகத்திலும் அடக்கமான ஒரு பெருமை.

உள்ளே வெள்ளைத்தாள் இருந்தால்? இத்தனை பேருக்கு நடுவில், அவர் படுத்திருக்கும் இதே கூடத்தில், அவர் மானம் போய்விடும். பதில் பேசிச் சமாளிக்க அவரும் இல்லை.

“நான் மொதல்ல படிச்சுக்கறேன்,” என்று வாங்கிக்கொண்டு அவருடைய அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

வெள்ளைத்தாள் இல்லை. நெருக்கி எழுதிய ஆறு பக்கம். மேலே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. கொன்றது நர்ஸ். எந்த மருந்து, எந்த டம்ளர், எந்தப் பகுதியில் எந்தத் தடயம் என்று எல்லாமே அவளுடைய வரைபடங்களைவிடச் சுத்தமாக இருந்தது.

நர்ஸ் இருநூற்றுப் பன்னிரண்டாம் பகுதியிலேயே லாரி மோதிச் செத்துப்போனவள். அந்த வேடத்தில் நடித்த பெண்ணுக்கு வயிற்றில் குழந்தை தங்கியிருந்த நேரம் அது. படுக்கையை விட்டு எழுந்தால் நிலைக்காது என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தத்தைக் காட்டி நிலையத்தார் பிடிவாதம் பிடிக்க, அப்பா அன்றைக்கே கதையில் லாரியை வரவைத்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இதெல்லாம் மகளுக்கு அப்போதே தெரியும். லாரி மோதியது அவருடைய முடிவின் மேல் என்பதுதான் தெரியாது. “லாரியாப்பா? வேற ஒண்ணும் தோணலையா?” என்று அவள் கேலி செய்திருக்கிறாள். அவர் சிரித்தார், அவ்வளவுதான். அந்தப் பெண் காதில் விழுந்தால் சங்கடப்படுவாள் என்று யாரிடமும் சொல்லாமல், அதற்குப் பிறகு நானூறு பகுதிகளை முடிவில்லாமலே ஓட்டியிருக்கிறார்.

என்னிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கோபம் வந்தது. கோபத்தோடு சேர்ந்து, காலையிலிருந்து வராத அழுகையும் வந்தது.

டைரக்டர் கதவைத் தட்டினார். “யாரும்மா?”

முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

“அப்பா மொத நாளே எல்லாம் முடிவு பண்ணி எழுதிட்டாரு சார். அவர் கையெழுத்து ஒங்களுக்குப் புரியாது. நான் எழுதித் தர்றேன். சாயங்காலம் வாங்கிக்கங்க.”

ஐந்து பேரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். அப்பாவை எடுத்துப்போக வண்டி வர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. ஆறு பக்கத்தையும் மடித்து மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் புதிய தாளை எடுத்தாள்.

காட்சி ஒன்று. பகல். பெரிய வீட்டுக் கூடம். ஐவரும் இருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து அவர்களில் ஒருவரைப் பார்க்கிறார்.

யாரை என்று அவளுக்குத் தெரியவில்லை. பேனா நின்றது. அடுத்த வசனம் வருமென்று, பழக்கதோஷத்தில், அவர் படுத்திருந்த பக்கம் காது கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள்.