மேரிகிறேஸ் வீட்டுத் துப்பாக்கி

மடு மாதா மேல் ஆணை, மாதம் தவறாமல் வரும் என் டெனிஷ் பென்சன் மேல் ஆணை: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட்டிச் சொல்கிற ஆள் நானில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் சில இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

2009 மே மாதம். வன்னியில் சண்டை முடிகிற நாட்கள். டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் எங்கள் தெருத் தமிழ் வீடுகளில் விடிந்ததிலிருந்து தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு மேரிகிறேஸின் தம்பி அங்கே கடற்கரையோரம் அகப்பட்டிருந்தான். ஏப்ரலுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு கதையும் இல்லை. அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வீட்டின் கெல்டரில், அதாவது நிலத்துக்குக் கீழே உள்ள அறையில், அவள் மகன் ஜெசிந்தனின் துப்பாக்கி இருந்தது. பயப்பட வேண்டாம். பற்றரியில் ஓடி, கடலை அளவு பிளாஸ்டிக் குண்டு துப்பும் விளையாட்டுச் சாமான். ஞாயிற்றுக்கிழமைகளில் டெனிஷ் பெடியள் கூட்டத்தோடு பைன் காட்டுக்குள் போய், ஒருவரையொருவர் சுட்டு விழுத்திவிட்டு, பிறகு சேர்ந்திருந்து கோப்பி குடிப்பார்கள். ஆனால் பார்வைக்கு அசல் போலவே இருக்கும். சத்தமும் மோசம். 'கிர்ர்ர் டக், கிர்ர்ர் டக்' என்று கீழே கேட்கும்போதெல்லாம் மேலே மேரிகிறேஸின் தோள் துள்ளும்.

மே மாதம் மாதாவின் மாதம். மாதாவின் சொரூபம், அந்தச் சின்னச் சிலை, வீடு வீடாகப் போகும். போகிற வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வோம். கொண்டுதிரிகிற பொறுப்பு நவரத்தினத்துடையது. காரின் முன் ஆசனத்தில் மாதாவை இருத்தி சீற் பெல்ட்டும் போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை மேரிகிறேஸ் வீட்டு முறை. தம்பிக்காக அத்தனை வாயும் சேர்ந்து செபிக்கிற அந்த ஒரு மாலைக்காகத்தான் அவள் சாப்பாடு தண்ணியில்லாமல் காத்திருந்தாள்.

புதன்கிழமை நவரத்தினம் என் வேலியோரம் வந்து நின்றார்.

"அண்ணை, உந்த வீட்டுக் கெல்டருக்கை என்ன நடக்குது?"

"மிக்சி," என்றேன்.

"மிக்சி கெல்டருக்கையோ?"

"பெரிய மிக்சி."

"வெடிச் சத்தம் மாதிரியெல்லோ கேக்குது. காலம் சரியில்லை அண்ணை. சண்டையை நிப்பாட்டச் சொல்லிப் போற ஊர்வலத்திலை ஆரோ எங்களைப் படம் எடுக்கிறாங்கள். பொலிஸ் வந்தால் மாதாவையும் சேர்த்தெல்லோ ஏத்திக்கொண்டு போவாங்கள்? இந்த முறை உந்த வீட்டை விட்டிட்டுப் போவம் எண்டு பாக்கிறன்."

அந்த மாதம் அப்படித்தான். நவரத்தினம் என்னைச் சந்தேகித்தார். காரில் இருந்து அவர் யாருக்குத் தொலைபேசி எடுக்கிறார் என்று நான் சந்தேகித்தேன். மேரிகிறேஸ் எங்கள் இரண்டு பேரையும் சந்தேகித்தாள்.

செய்தியைச் சொன்னதும் அவள் எழும்பிவிட்டாள். "விட்டிட்டுப் போறதோ? என்ர தம்பிக்கு ஒரு செபமாலை சொல்ல ஏலாதோ அண்ணை? டேய், அதைத் தூக்கி எறியடா!"

ஜெசிந்தன் டெனிஷில் நீளமாக ஏதோ சொன்னான். துப்பாக்கி அந்தப் பெடியளின் கிளப்பினுடையது, எறிய முடியாது என்று அதற்கு அர்த்தம். சத்தத்தைக் குறைத்தால் போதும்தானே என்று நானும் கெல்டருக்குள் இறங்கினேன்.

உள்ளே ஒரு மோட்டர், மூன்று பல்சக்கரம், ஒரு பிஸ்டன். பிஸ்டன் முன்னே பாய்ந்து சிலிண்டரின் தலையில் மோதுவதுதான் 'டக்'. என் குளியலறைச் செருப்பின் அடியை வட்டமாக வெட்டி அந்த இடத்தில் ஒட்டினோம். ஆடிய பல்சக்கரங்களுக்கு மெல்லிய வாஷர் போட்டு, பழைய கிறீசைத் துடைத்துத் தடித்த கிறீஸ் பூசினோம். பிடிக்குக் கீழே இருக்கும் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, மோட்டரின் ஊளையும் அடங்கியது. குழாயைச் சுற்றிப் பஞ்சு அடைத்தோம்.

ஜெசிந்தன் விசையை அழுத்தினான். சத்தமே இல்லை. எதிரே கடதாசிப் பெட்டியில் ஓட்டை விழுந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாஷர் இன்னொன்று போடுவோம் என்று எனக்கு ஒரு ஆசை. போட்டோம். அதற்குப் பிறகு சுடச்சுட அக்கம்பக்கத்துச் சத்தத்தையும் அது உறிஞ்சத் தொடங்கியது. முதலில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் போனது. பிறகு எதிர்வீட்டு நாய் வாயைத் திறந்தது, குரைப்பு வரவில்லை. அது தன் வாலைச் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தது. வியாழக்கிழமை பின்வீட்டு டெனிஷ் அம்மா காதுக் கருவிக்கு மூன்று தரம் பற்றரி மாற்றினா.

வெள்ளிக்கிழமை மாலை. வெயில் இன்னும் போகவில்லை. நவரத்தினம் மாதாவைக் கையில் ஏந்தியபடி வந்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார்.

"முந்திச் சத்தம் வந்தது. என்னவோ செய்யினம் எண்டு தெரிஞ்சது," என்றார். "இப்ப ஒரு சத்தமும் இல்லை. இப்பதான் எனக்குப் பயம்."

"வந்து பாருமன் தம்பி," என்று துப்பாக்கியைக் கொண்டுவரச் செய்து என் வண்டியில், அதாவது தொந்தியில், நானே சுட்டுக் காட்டினேன். குண்டு தெறித்து அவருடைய சட்டைப் பைக்குள் விழுந்தது. அவர் அதை எடுத்து மணந்து பார்த்தார்.

"சத்தமில்லாமல் சுடுற சாமானை ஆரண்ணை விளையாட்டுக்குச் செய்யிறது?"

மேரிகிறேஸ் கதவைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்லை. மாதாவைக் கொண்டுபோங்கோ. நான் தனியச் சொல்லுறன். அவனுக்கு என்ர குரல் தெரியும்."

நவரத்தினம் திரும்பி ஒரு அடி வைத்தார். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. அடித்தது என்று எப்படிச் சொல்வது, மணிச் சத்தத்தையும் துப்பாக்கி விழுங்கிவிட்டது; மேசையில் சின்ன விளக்கு மட்டும் மின்னியது. அவள் ஓடிப்போய் எடுத்தாள். அந்தத் தெரு முழுக்க அந்தக் கணத்தில் கேட்ட ஒரே சத்தம் அதற்குள் இருந்து வந்தது.

"அக்கா, நான்தான். முகாமுக்கு வந்திட்டன். சாப்பிட்டிட்டன் அக்கா."

வாசலில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. நவரத்தினம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மாதாவோடு உள்ளே வந்து முழந்தாளிட்டார். நாங்கள் எல்லோரும் செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொல்லி முடித்தோம். எதிர்வீட்டு நாயும் அந்த நேரம் பார்த்துக் குரைத்தது.

அந்தத் தொலைபேசியை மட்டும் நான் கூட்டிச் சொல்லிவிட்டேன். மேரிகிறேஸின் தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.