கப்பலில் ஆறு மணி

இந்தோனேசியக் கடற்படைக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு இரண்டு நாள். அவர்களுடைய சுதந்திர தினம் ஆகஸ்ட் பதினேழு. அன்று மாலை மேல்தட்டில் விருந்து. கொழும்பிலிருந்து தூதரகச் செயலாளர் மத்தியானமே வந்து கப்பலில் ஏறிவிட்டார். ஊர்ப் பெரிய மனிதர்கள் அறுபது பேருக்கு அழைப்பு அச்சடித்துக் கொடுத்தவர் கப்பல் முகவர் கந்தோரின் எழுத்தர் ஸெய்னுதீன். ஒன்பது வருடமாகத் தற்காலிக எழுத்தர். இந்த விருந்து பழுதில்லாமல் முடிந்தால் நிரந்தரமாக்குவதாக மனேஜர் கனகசுந்தரம் வாக்குக் கொடுத்திருந்தார். கனகசுந்தரம் வாக்குக் கொடுப்பதென்பது அத்திபூத்த கதை.

நோன்பு மாதம் வேறு. நோன்பு திறக்க, கிண்ணியாவில் விருந்துக்குச் சமைக்கும் ஆமினா உம்மாவின் கஞ்சியும் வட்டிலப்பமும் ஐந்தரைக்குத் தோணியில் வந்து சேரும். எல்லாம் கச்சிதம் என்று ஸெய்னுதீன் இறங்குதுறையில் வயிறு காய்ந்தாலும் மனம் நிறைந்து நின்றார்.

அப்போது மணி நாலரை. கப்பலில் பாண்டு வாத்தியம் முழங்கியது. வெள்ளை உடுப்போடு மாலுமிகள் ஏணி வாசலில் வரிசைகட்டினார்கள்.

"என்ன காணும், ஆறு மணிக்கெண்டுதானே அழைப்பில போட்டனீர்?" என்றார் பக்கத்தில் நின்ற கனகசுந்தரம்.

"ஓம் சேர், ஆறு மணிதான்."

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து கப்பலின் தந்தியை எடுத்துப் பிரித்தார். ஆறு மணி என்றுதான் இருந்தது. அடுத்து இரண்டு சொற்கள் இருந்தன: கப்பல் நேரம். கப்பலின் மணிக்கூடு இன்னும் தங்கள் நாட்டு நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. ஊர் நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முந்தியது. அங்கே தூதரகச் செயலாளர் கைகுலுக்க ஆளில்லாமல் நிற்கிறார்; இங்கே விருந்தாளிகள் இன்னும் குளிக்கக்கூட இல்லை.

தந்தியை வாங்கி வாசித்த கனகசுந்தரம் அதை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏசினால்கூடத் தாங்கலாம். லோஞ்சில் ஏறிக் கப்பலுக்குப் போகும் வழியெல்லாம் அவர் கடலையே பார்த்தார். ஒன்பது வருட உழைப்பு உப்புத் தண்ணீரில் போய்விட்டது என்று ஸெய்னுதீன் முடிவுகட்டிவிட்டார்.

ஏணியின் மேலே கப்டனே நின்றார். ஸெய்னுதீன் வாய் திறக்குமுன் அவர் ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டார்.

"மன்னிக்க வேண்டும், தவறு எங்களுடையது. எங்கள் ஊரில் நோன்பு திறப்பது ஆறு மணிக்கு. அந்த நினைப்பிலேயே ஆறு என்று எழுதிவிட்டோம். இங்கே பாருங்கள், சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது! விருந்தினர் இப்போதே வந்துவிட்டால் நோன்பு திறக்கும்வரை வெறும் மேசையைக் காட்டவா என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர்களை எத்தனை மணிக்கு வரச் சொன்னீர்கள்?"

"ஊர் நேரம் ஆறு மணிக்கு."

கப்டன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நோன்பை நினைத்து நீங்களாகவே மாற்றிவிட்டீர்கள்! உங்கள் மனேஜர் கொடுத்துவைத்தவர்."

ஓம் என்று தலையாட்டினால் போதும், காரியம் முடிந்தது. கனகசுந்தரமும் அதைத்தான் எதிர்பார்த்தவர்போல் நின்றார். ஆனால் நோன்பு வாயால் பொய் சொல்வதெப்படி? ஸெய்னுதீன் தன்னையே நொந்துகொண்டு உண்மையைச் சொன்னார்.

"இல்லை சேர். கப்பல் நேரம் என்று தந்தியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆறு மணி என்று கண்டதும் கஞ்சிதான் கண்ணுக்குள் வந்தது."

கப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னால் நின்ற இளம் அதிகாரியைப் பிடித்து முன்னால் இழுத்து, "தந்தி எழுதிய இவனுக்கும் அதே வியாதிதான்!" என்றார்.

ஆறு மணிக்கு ஊரே வந்தது. மாலுமி ஒருவர் பாங்கு சொல்லும்வரை அறுபது பேரும் ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தோடு காத்திருந்தார்கள். நோன்பில்லாத கனகசுந்தரமும் வாயில் போடாமல்தான் வைத்திருந்தார். முதல் மிடறு கஞ்சி தொண்டையில் இறங்கியபோது ஸெய்னுதீனுக்கு அழுகை வரப் பார்த்தது, அவ்வளவு நிம்மதி.

கனகசுந்தரம் கோப்பையோடு அருகில் வந்தார்.

"இனிமேல் தந்தி வந்தால் நோன்பு திறந்த பிறகு வாசியும் காணும்," என்றார். "நிரந்தரமான ஆள் பிழை விட்டால் வீட்டுக்கு அனுப்பவும் ஏலாது."