தண்டையல் வீட்டுக் கதவு

பருத்தித்துறைக் கடைத்தெருவில் இடிந்தும் இடியாமலும் நிற்கிற பழைய கட்டடங்களைத் திருத்தி, தெருவுக்குப் பழைய களையைக் கொண்டுவருவதென்று குழு கூடியபோது, முதலில் செல்வரட்ணத்தின் பலசரக்குக் கடையைத்தான் எடுக்க வேண்டும் என்று எழுந்து நின்று பேசியவள் இரத்தினம்மா. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த மனிதனோடு அவள் முகம் கொடுத்துப் பேசி எத்தனையோ வருடம்.

காரணம் அந்தக் கடையின் வாசல் கதவு. அது அவளுடைய வீட்டுக் கதவு. அவள் பாட்டனார் தம்பிஐயா கப்பல் ஓட்டியவர். ஊருக்கு அவர் தண்டையல். பர்மாவிலிருந்து தன் கப்பலிலேயே தேக்கு கொண்டுவந்து கதவு செய்வித்து, மேற்பலகையில் தன் பெயரைச் செதுக்க வைத்தார். சண்டைக்குப் பயந்து வன்னிக்குப் போன குடும்பம் திரும்பி வந்தபோது வீட்டில் வாசல் நிலை மட்டும் நின்றது. கதவு செல்வரட்ணத்தின் கடையில் இருந்தது. பெயர் தெரியாதபடி எழுத்துப் பள்ளங்களில் பட்டி அப்பி, மேலே பச்சை பெயின்ற் அடித்திருந்தான். போய்க் கேட்டாள்.

"ஊரிலை உங்கடை வீட்டிலை மட்டுமோ தேக்குக் கதவு இருந்தது? இது எங்கடை அப்பர் செய்விச்சது" என்று சனத்துக்கு முன்னால் சிரித்தான்.

கணவனைச் சண்டையில் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றவளைப் பார்த்து அந்தச் சிரிப்பு. அவள் மன்னிக்கவில்லை. ஏன் மன்னிக்க வேண்டும்?

காசில்லாமல் கூரை புதிதாகும், வெள்ளைக்காரர் வந்து படம் பிடிப்பார்கள் என்று அவள் அடுக்க அடுக்கச் செல்வரட்ணத்துக்குத் தலைகால் புரியவில்லை. பின்னேரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான்.

"பழசை மறந்திட்டியள். நல்ல மனம் உங்களுக்கு."

"ஓம்" என்றாள். பழத்தை ஆட்டுக்குப் போட்டாள்.

வேலைக்குப் பொறுப்பாக வந்த கட்டடக் கலைஞர் தாரிகா கறாரான பிள்ளை. சுவரோ மரமோ, பின்னாளில் பூசியதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். வேலை முடிந்தபின் அரசாங்கத்தைக் கேட்காமல் ஓர் ஆணியைக்கூட அசைக்க முடியாது. இரண்டுக்கும் ஒத்துக்கொண்டுதான் செல்வரட்ணம் கையெழுத்து வைத்தான். கூரை ஆசையில் கதவை மறந்துவிட்டான். கதவின் முறை வந்தபோதுதான் அவனுக்கு வியர்த்தது.

"பிள்ளை, உந்தக் கதவை விடுங்கோ. நான் புதுப் பெயின்ற் அடிக்கிறன்."

"ஏலாது ஐயா. இந்தக் கட்டடத்துக்கே வடிவு கதவுதான்" என்றாள் தாரிகா.

பச்சை உரிந்தது. பட்டி உதிர்ந்தது. கடைத்தெரு கூடி நின்று பார்க்க, ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது: தம்பிஐயா தண்டையல். மீன் சந்தை வரைக்கும் கதை போவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

அன்று பின்னேரமே செல்வரட்ணம் இரத்தினம்மாவின் படலையில் நின்றான்.

"தங்கச்சி, கதவைக் கழட்டிக் கொண்டுவந்து பூட்டிவிடுறன். என்னை மானங்கெடுத்தாதையுங்கோ."

"அதெப்பிடி அண்ணை? கேக்காமல் ஆணியும் புடுங்கேலாதெல்லே. கையெழுத்து வைச்சது நீங்கள்தானே."

"நான் அனுமதி எடுக்கிறன். குழு ஒத்துக்கொண்டா அரசாங்கமும் ஓமெண்டும்."

"குழுவிலை நான் இருக்கிறன்" என்றாள். "என்ரை வாசலுக்கு இப்ப இருக்கிற தகரக் கதவே போதும்."

சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை காலமும் கதவுதான் வேண்டும் என்று நினைத்திருந்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்தபின், கதவைவிட இது நன்றாக இருந்தது.

திறப்புவிழா முடிந்த மறுநாள் காலை, கடையில் சனம் நிறைந்திருந்த நேரம் பார்த்து உப்பு வாங்கப் போனாள். வீட்டில் உப்பு இருந்தது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணை, கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். உதிலை என்ன எழுதியிருக்கு? ஒருக்கா வாசியுங்கோ."

செல்வரட்ணம் தராசைப் பார்த்தான். சனத்தைப் பார்த்தான். எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பிஐயா தண்டையல்."

"கேக்கேல்லை."

உரத்துச் சொன்னான்.

இரத்தினம்மா உப்பை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குச் சீனிக்கு வாறன்" என்றாள்.