தொட்டி செத்த பிறகு

ஜாடியில் கசடு கீழே இறங்கவில்லை. தொட்டியில் மொண்ட தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பால் தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் காலையில் செய்யும் முதல் காரியம். தொட்டி நன்றாக இருந்தால் பழுப்புக் கசடு மெத்தென்று அடியில் போய்ப் படியும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். முகர்ந்தால் மண் வாசனை வரும். இப்போதோ ஜாடி முழுக்க, எச்சில் பாத்திரம் ஊறிய தண்ணீர் மாதிரி சாம்பலாகக் கலங்கி நின்றது. நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது. ஏணி ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தான். கொஞ்ச நாளுக்கு முன்புவரை அந்த ஒரு சொட்டுக்குள் சந்தைக் கூட்டம் மாதிரி ஓட்டமும் நடையுமாக இருக்கும். இப்போது எதுவும் அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். இல்லை.

ஏணி என்பது ஓடையைச் சுத்தம் செய்யும் குழு அவனுக்கு வைத்த பெயர். பையன் அவ்வளவு உயரம். கரையோர மரக்கிளைகளில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளை எடுக்க மற்றவர்கள் கொம்பு தேடிக்கொண்டிருக்கும்போது இவன் கையை நீட்டினாலே போதும். சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் அடைந்து கிடந்த வருஷங்களில், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் அவன் மனுஷனாக இருந்தான். மற்ற நாளெல்லாம் உறவுக்காரர்கள் கண்ணில் படாமல் பதுங்கித் திரிவான். அம்மாவுக்கு இந்த ஓடை வேலை பிடிக்கவே பிடிக்காது. "ஊரான் போட்ட குப்பையை நீ பொறுக்கு, நீ அவுத்துப் போட்ட துணியை நான் பொறுக்கறேன்" என்பாள்.

கடைசியில் அந்தக் குப்பைதான் சோறு போட்டது. பால் தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வில் மேனேஜர் இவனுடைய மதிப்பெண்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடைக்குள் குப்பைப் பையோடு நிற்கும் இவனுடைய போட்டோவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார். அடுத்த மாதமே அந்தப் படம் பெரிதாகி, 'எங்கள் ஓடை, எங்கள் பொறுப்பு' என்ற எழுத்தோடு தொழிற்சாலை வாசலில் தொங்கியது. குழுவில் ஒன்றிரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஏணி விலைபோய்விட்டான் என்று முணுமுணுத்தார்கள். டீச்சர்தான் அவர்கள் வாயை அடைத்தாள். டீச்சர் இவனுடன் ஒன்றாகப் படித்தவள். பெரிய கம்பெனி வேலையெல்லாம் வேண்டாமென்று ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். குழுவே அவள் சொல்பேச்சுதான் கேட்கும். அவளைக் கண்டால் ஏணிக்கு வார்த்தை தடுமாறும் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

வேலையை அவன் உயிராகச் செய்தான். அந்தத் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள்தான் கழிவில் வரும் பாலின் மிச்சத்தைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். அவற்றுக்குக் காற்று வேண்டும், இரை வேண்டும், திடீரென்று எதையாவது கொட்டினால் தாங்காது. ஏணி அவற்றைப் 'பசங்க' என்றுதான் சொல்வான். "பசங்க இன்னைக்கு சோம்பலா இருக்காங்க சார்" என்று காலையில் வந்து சொன்னால் சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார். தெளிந்த தண்ணீர் குழாய் வழியாக ஓடைக்குப் போவதை வேலை முடிந்ததும் போய் நின்று பார்ப்பான். ஓடையில் சின்ன மீன்கள் திரும்ப வந்திருந்தன. அதில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம்தான் அவனைக் குழியில் தள்ளியது. பால் ஓடும் குழாய்களையும் கொப்பரைகளையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை காஸ்டிக் கலந்த தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். கை பட்டால் தோலை அரிக்கும் தண்ணீர் அது. அதைத் தனியாகப் பிடித்து வைத்து, அமிலம் சேர்த்துச் சாதுவாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தொட்டிக்குள் விடவேண்டும். அன்றைக்கு அமிலம் விடும் பம்ப் பழுதுபார்க்கப் போயிருந்தது. பிடித்து வைக்கும் தொட்டி மழைத்தண்ணீரில் நிரம்பி வழிந்தது. கழுவிய தண்ணீரோ வந்துகொண்டே இருந்தது.

"தம்பி, பைபாஸ் வால்வைத் திறந்து விடு. ஓடையோட போயிடும்" என்றார் சூப்பர்வைசர்.

"சார், ஓடைல மீன் இருக்கு சார்."

"உனக்கு மீனா சம்பளம் கொடுக்குது?"

ஏணி திறக்கவில்லை. வால்வுக்குக் குறுக்கே நின்றான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரை எதிர்த்துப் பேசினான். தொட்டி பெரியது, காஸ்டிக் நீர்த்துப்போகும், பசங்களில் பாதி செத்தாலும் மீதி பிழைத்துப் பெருகிவிடும் என்று மனக்கணக்குப் போட்டான். கழிவு முழுவதையும் தொட்டிக்கே திருப்பினான். படித்த படிப்பு கைவிடாது என்று நம்பினான். மறுநாள் காலை வந்தபோது தொட்டிக்கு மேல் வெள்ளை நுரை ஆளுயரம் எழும்பி நடைபாதையெல்லாம் வழிந்திருந்தது. பாதி, மீதி என்ற பேச்சுக்கே இடமில்லை. மொத்தமும் போய்விட்டது.

வால்வைத் திறந்திருந்தால் ஓடைக்கு ஒரு நாள் துன்பம். திறக்காததால் அன்றிலிருந்து தினம் தினம் சுத்தமாகாத கழிவு அதே ஓடைக்குள் போய்க்கொண்டிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் ஏணிக்கு எங்காவது போய்த் தலையை முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சாணம் கரைத்து ஊற்றினான். வேறொரு தொழிற்சாலையின் காவலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, அங்கிருந்து நல்ல கசடைக் கேன்களில் பிடித்து, பைக்கில் கட்டிக் கொண்டுவந்து ஊற்றினான். எதுவும் தொட்டியில் பிடித்து வளரவில்லை. தொட்டி பிழைக்க வேண்டுமென்றால் கழிவு வருவது நிற்க வேண்டும். மேனேஜரிடம் போய், உற்பத்தியைக் கொஞ்ச நாள் நிறுத்த முடியுமா என்று கேட்டான்.

"மாட்டுக்கு லீவு கொடுக்கச் சொல்றியா?" என்று சிரித்தார் அவர். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "வெளியே ஒரு வார்த்தை போச்சுன்னா உன் வேலை போகும். அதோட போகாது. மேலதிகாரி சொல்லியும் கேட்காம ஆபரேட்டர் தன்னிஷ்டத்துக்குப் பண்ணினதுன்னுதான் சொல்லுவோம். அதுதானே உண்மை?"

உண்மைதான். அதுதான் நெஞ்சை அறுத்தது. வெளியே வந்தபோது சூப்பர்வைசர் கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார். "நீ நல்லவனா இருந்ததுக்கு நாங்க எல்லாரும் அனுபவிக்கணுமா தம்பி?"

இதெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. இன்றைக்குச் சனிக்கிழமை. ஏணி ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தபோது சூப்பர்வைசர் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"நாளைக்குக் காலைல காஸ்டிக் வாஷ் இருக்கு. அமில பம்ப் இன்னும் வரல. செத்த தொட்டியை மறுபடி சாகடிச்சு என்ன ஆகப்போகுது? நேரா ஓடைக்கு விடச் சொல்லிட்டேன். உன்னை வால்வு பக்கம் வரச் சொல்லல, பயப்படாதே. வேற ஆள் திறப்பான். நீ வீட்ல நல்லா தூங்கு."

அவர் அந்தப் பக்கம் போனதும் போன் அடித்தது. டீச்சர்.

"நாளைக்குக் கண்டிப்பா வந்துடு. அஞ்சாங்கிளாஸ் மொத்தமும் வருது. பசங்களை ஓடைல இறக்கிக் காட்டப்போறேன். பூட்ஸ், கிளவுஸ்லாம் கேட்டு வாங்கிட்டேன். அங்க நீதான் பேசணும்."

ஏணி கவிழ்த்த ஜாடியை நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்தான்.

"தண்ணி ஒரு மாதிரி இருக்குன்னு நம்ம ஆளுங்க புலம்பறாங்கடா. புகார் கொடுக்கணும்னு குதிச்சாங்க. நான்தான் அடக்கி வச்சேன். ஏணி உள்ள இருக்கான், ஏதாவது தப்பு நடந்தா முதல்ல நம்மகிட்டதான் சொல்லுவான்னு சொன்னேன். சரிதானே?"

"நாளைக்கு வேண்டாமே டீச்சர். மழை வர்ற மாதிரி இருக்கு."

"இந்த வெயில்லயா? டேய், சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் உடம்பு வளையமாட்டேங்குதா?"

அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

வீட்டில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவனுக்கு வேலை கிடைத்த பிறகுதான், அலுவலகங்களில் சாயங்காலம் தரை துடைக்கப் போவதை அவள் விட்டிருந்தாள். இப்போதெல்லாம் பொழுது சாயும் நேரத்தில் வாசலில் நின்று அக்கம்பக்கத்தாரோடு கதை பேசுகிறாள். தொழிற்சாலை வாசலில் தொங்கும் அவன் படத்தைப் பார்ப்பதற்கென்றே ஒருநாள் அவ்வளவு தூரம் நடந்து போய்வந்தாள்.

"வேலை போயிட்டா என்னம்மா பண்ணுவ?"

"வாயைக் கழுவுடா முதல்ல."

தட்டில் போட்டது அப்படியே இருந்தது. அவன் பிசைந்துகொண்டே இருந்தான். அம்மா கொஞ்ச நேரம் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்துவிட்டு வந்தாய் என்று கேட்பாள் என்று நினைத்தான். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பான். அவள் தைல பாட்டிலை மூடி ஓரமாக வைத்தாள்.

"பழைய இடத்துல இன்னும் ஆள் போடலையாம்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். பிறகு எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஏணி தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே அழுதான். சத்தம் வராமல் இருக்கத் தோள்பட்டையைக் கடித்துக்கொண்டான்.

காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் நிறுத்திக்கொண்டான். ஓடைக்குப் போனால் சொல்ல வேண்டும். போகாவிட்டால், வேறு யாராவது சொல்லட்டும். யார் சொல்வார்கள்? அந்தத் தண்ணீரைப் பற்றி அறிந்தவர்களில் வாய் திறக்கக்கூடிய ஒரே ஆள் இங்கே வண்டிமேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான். போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. மறுபடி செய்தான். பிள்ளைகளை மேய்த்துக்கொண்டிருப்பாள், போன் பைக்குள் கிடக்கும். வண்டியைக் கிளப்பினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் கரையில் கைக்குப் பொருந்தாத பெரிய கையுறைகளை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒருத்தி கையுறையை ஊதிப் பசுமடி செய்து எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வழக்கம்போல ஆழம் பார்க்க முதலில் தான் இறங்கியிருந்தாள். பூட்ஸையெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்போல. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

"பசங்களை இறக்காதே!" ஏணி சரிவில் சறுக்கிக்கொண்டே ஓடிவந்தான். "நீயும் வெளியே வா!"

"வந்துட்டீங்களா சாமி? என்னடா, பாம்பா?"

"வெளியே வா, சொல்றேன்."

"சொல்லு, வர்றேன்."

அவன் சொன்னான். கோர்வையாக வரவில்லை. வால்வைத் திறக்காததை முதலில் சொன்னான். அது ஏதோ பெருமை பேசுவது மாதிரி இருந்தது. உடனே தொட்டி செத்ததைச் சொன்னான், மேனேஜர் சொன்னதைச் சொன்னான், இன்றைக்குக் காலையில் என்ன திறந்துவிடப் போகிறார்கள் என்பதையும் சொன்னான். தான் சொல்வதைத் தன் காதால் கேட்கும்போது அவனுக்கே கூசியது.

"எப்பலேர்ந்து?"

"மூணு வாரமா."

டீச்சர் குனிந்து தண்ணீருக்குள் கைவிட்டு எடுத்து, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"சோப்பு மாதிரி வழுக்குது."

"காஸ்டிக். வந்துடுச்சு. வெளியே வா, தோல் வெந்துடும்."

அவள் வரவில்லை. பிள்ளைகளிடம், மேலே மரத்தடிக்குப் போய் உட்காருங்கள், ஒருவரும் இறங்கக் கூடாது என்று வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னாள். பிறகு இவன் பக்கம் கையை நீட்டினாள்.

"பாட்டில் இருந்தா கொடு."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. இந்தத் தண்ணீர் ஒரு பாட்டிலில் அடைபட்டுச் சோதனைக்குப் போனால் வாசலில் தொங்கும் படம் இறங்கும், தன் பெயர் காவல் நிலையம்வரை போகும், அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி தரை துடைக்கப் போவாள். கரையில் ஒரு பிள்ளை விட்டுப்போன தண்ணீர் பாட்டில் கிடந்தது. அதைத் திறந்து, இருந்த நல்ல தண்ணீரைப் புல்லில் கவிழ்த்துவிட்டு நீட்டினான். டீச்சர் வாங்கியதும் வாங்காததுமாக மேலாக அமிழ்த்தினாள்.

"அப்படி எடுத்தா செல்லாதுன்னு தள்ளிடுவாங்க" என்றான் ஏணி. "முதல்ல அந்தத் தண்ணியிலயே அலசணும். அப்புறம் அடியில விட்டு, தண்ணி வர்ற பக்கமா வாயை வச்சுப் பிடிக்கணும். உள்ள காத்து நிக்கக் கூடாது."

அவள் மறுபடி மேலாகவே அமிழ்த்தினாள். ஏணி செருப்போடு தண்ணீரில் இறங்கினான். வளைவைத் தாண்டி வெள்ளை நுரை திட்டுத்திட்டாக வந்துகொண்டிருந்தது. கணுக்காலில் இருந்த பழைய கீறலில் சுருக்கென்று எரிந்தது. அவள் கைமேல் கை வைத்துப் பாட்டிலை அடிவரைக்கும் அமிழ்த்திப் பிடித்தான். குமிழிகள் படபடவென்று மேலே வந்தன, பிறகு ஒவ்வொன்றாக வந்தன, பிறகு நின்றுவிட்டன. தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருகினான். டீச்சர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நுரை வந்து இருவர் முழங்காலிலும் மோதி, இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கம் போனது.