ஷட்டரின் இடது பக்கம்

ஜூன் பன்னிரண்டு, வியாழன். சித்தப்பாவைத் தூக்க நாலு பேர் போதும் என்று அமரர் ஊர்தி வண்டிக்காரரிடம் சொன்னது அவளுடைய தவறு. அப்பா சொன்னதைத்தான் சொன்னாள். ஆனாலும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சித்தப்பா விடிகாலையில் தூக்கத்திலேயே போயிருந்தார். அறுபத்திரண்டு வயது, பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. விருந்தாளி வந்தால் அப்பா அவரைப் பின்னறையில் உட்காரவைத்துவிடுவார். தம்பியைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்ற பயம். இன்றும் அதே பயம்தான்.

"அவனுக்கு யாரு இருக்கா? வேடிக்கை பார்க்கத்தான் வருவாங்க. சத்தமில்லாம கொண்டுபோயிடலாம்" என்றார் அப்பா.

சித்தப்பாவுக்குப் போட்டுவிடப் புதுச் சட்டை வாங்க அவள் கடைத்தெருவுக்கு ஓடினாள். தெரு முழுக்க ஷட்டர்கள் இறங்கியே கிடந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் கடைக்காரர்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரிடமும் அவசரம் இல்லை.

"உங்க சித்தப்பா வரணுமேம்மா" என்றார் தையல்காரம்மா.

துருப்பிடித்த ஷட்டர்கள், தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு கடையிலும் இடது பக்கம் சித்தப்பாவுடையதாம். தெருமுனையில் ஆரம்பித்து வரிசையாக வருவாராம். வீட்டிலோ, அவர் காலாற நடந்துவிட்டு வருகிறார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார்கள்.

முடிதிருத்துபவர் சிரித்தார். "போன வாரம் நான் முந்திக்கிட்டுத் திறந்துட்டேன். இறக்க வெச்சு, மறுபடி தூக்க வெச்சாரு. கடைக்கு முதலாளி நானா அவரான்னு எனக்கே சந்தேகம்."

சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு சொன்னாள்.

துணிக்கடைக்காரர் எழுந்து போய்த் தன் பூட்டைத் திறந்தார். சட்டைக்காக அந்த ஒரு ஷட்டரை மட்டும் தூக்கினார்கள். இடது பக்கத்தை அவளிடம் விட்டார்கள். தோள்பட்டை இற்றுவிடும்போலக் கனத்தது. தெரு நெடுக எத்தனை ஷட்டர்கள் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் இத்தனையுமா?

"எப்ப எடுக்கறீங்க?"

"பத்துக்கு. அப்பா யாருக்கும் சொல்ல வேணாம்னாரு."

"கடையெல்லாம் மூடித்தானே இருக்கு" என்று தையல்காரம்மா கிளம்பினார். தெருவே பின்னால் வந்தது.

கூட்டத்தைக் கண்டதும் அப்பா வாசற்கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டார்.

"யாரு இவங்கல்லாம்?"

"சித்தப்பாவோட கூட்டாளிங்கப்பா."

அப்பா முடிதிருத்துபவரைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவன் உங்ககிட்ட பேசுவானா?"

"அவரு விட்டாத்தானேண்ணே நாங்க பேச."

வீட்டில் சாப்பாடுகூட வாய் திறந்து கேட்காதவர் சித்தப்பா. அப்பா அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கதவை முழுதாகத் திறந்துவிட்டார்.

தூக்கும்போது அத்தனை கைகளுக்கு நடுவே அப்பாவுக்குப் பிடிக்க இடமில்லை. துணிக்கடைக்காரர் சற்று நகர்ந்து கொடுத்தார்.

நாளைக் காலை, கடை திறக்கும் நேரத்துக்கு, அப்பாவைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போக வேண்டும். இடது பக்கம் காலியாக இருக்கும்.