சாமை மிஷினும் சந்திரனின் கடப்பாரையும்

சந்திரன் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தான். மலைமேல் இருக்கும் நெல்லிவாசலிலிருந்து கீழே போளூருக்குச் சாமை மூட்டை இறக்குவதுதான் அவன் பிழைப்பு. மூன்று வாரமாக ஒரு மூட்டைகூட வரவில்லை. காரணம் பூவிழி. கீழே கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற உள்ளூர்ப் பெண். அங்கே தொழில்முனைவோர் பயிற்சி எடுத்தவள், கூடப் படிக்கிற இரண்டு பேரோடு சேர்ந்து ஊருக்குள்ளேயே சாமைக்குத் தோல் நீக்கும் மிஷின் போட்டுவிட்டாள். இத்தனை காலம் தோலோடு அடிமாட்டு விலைக்கு அள்ளிப்போன மண்டிக்காரர் ஆதிநாராயணனுக்கு இனி யார் கொடுப்பார்கள்?

அவர் போனில் கத்தினார். "இன்னாடா, கைய கட்டிக்கினு நிக்கற? அந்த மிஷினு ஓடற வரைக்கும் உன் வண்டி ஓடாது. போய் ஒடைச்சிட்டு வா. இல்லன்னா என் லோடுக்கு வேற வண்டி பாத்துக்கறேன்."

நேற்று முளைத்த பெண் தன் பிழைப்பில் கை வைப்பதா? சந்திரன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். மூளையை ஜீப்பிலேயே விட்டுவிட்டுப் போனான் போலிருக்கிறது.

கொட்டகையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூவிழி சாமையைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துடி."

"ரெண்டு நிமிசம்ணா. இந்தக் கூடை முடிஞ்சிடும், அப்பறம் பேசலாம்."

அவள் பதறாமல் சொன்னதுதான் அவனுக்குத் தலைக்கேறியது. கீழே கிடந்த கருங்கல்லை எடுத்து மிஷினின் வாயில் போட்டான். உள்ளே எலும்பு நொறுங்குவதுபோலச் சத்தம். பெல்ட் அறுந்து, சாட்டையாகச் சுழன்று பூவிழியின் முகத்தில் அறைந்தது. காதோரத்திலிருந்து உதடு வரை கிழிந்து ரத்தம் கொட்ட, அவள் சுருண்டு விழுந்தாள். பதினைந்து வருடம் வண்டி ஓட்டியவனுக்கு, ஓடுகிற பெல்ட் அறுந்தால் என்ன செய்யும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் செய்தான், பாவி. அதோடும் நிற்காமல் கடப்பாரையால் மோட்டாரை அடித்தான்.

மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது அவன் தோளில் உலக்கை இறங்கியது. அடுத்தது முழங்கையில். கடப்பாரை நழுவி விழ, வலியில் அலறித் திரும்பினான். அவன் பெண்டாட்டி அம்சவல்லி. கொட்டகையின் பின்பக்கம் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள், மூலையில் கிடந்த உலக்கையோடு வந்து நின்றாள்.

"நீ இங்க இன்னாடி பண்ற?"

"வேல பண்றேன். மூணு வாரமா. உன் காலி வண்டியிலதான் வூட்டு அடுப்பு எரியுதுன்னு நெனச்சியா?" அவள் உள்ளங்கையை அவன் முன்னால் விரித்துக் காட்டினாள். "சாமை குத்திக் குத்தி என் கை காச்சுப்போச்சு. இந்தப் பொண்ணாலதான்யா உலக்கைய மூலையில போட்டேன். மறுபடியும் எடுக்க வெச்சிட்டியே."

மூன்று வாரமாகத் தின்ற சோறு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, வலிக்கிற கையாலேயே பூவிழியைத் தூக்கி ஜீப்பில் கிடத்தினான். அம்சவல்லி அவள் முகத்தைத் தன் முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். போளூர் போய்ச் சேருவதற்குள் முந்தானை முழுக்க நனைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல் போட்டார்கள். சந்திரன் கட்டிலோரம் தலைகுனிந்து நின்றான். "மண்டிக்காரர் சொன்னாருன்னு ஒடைச்சிட்டேன். மிஷினு போச்சேம்மா" என்றான்.

பூவிழி உதட்டை அசைக்காமல், பல்லைக் கடித்தபடி பேசினாள். "இரும்பத்தான்ணா ஒடைச்ச. கத்துக்கின தொழில எந்தக் கடப்பாரையால ஒடைப்ப? நாளைக்கே வேற மிஷின் போடுவேன். படிச்சிட்டு எவன்கிட்டயும் கை கட்டி நிக்கக் கூடாதுன்னுதான் இதக் கத்துக்கினேன். நீ கை கட்டி நின்ன, அதான் அவன் சொன்னதும் உன் வூட்டுச் சோத்துலயே மண்ணப் போட்டுக்கின."

அவன் ஜீப் சாவியை எடுத்து அம்சவல்லியின் கையில் வைத்தான். "மலைலேர்ந்து உங்க சாமை அரிசிய ஆளு வெச்சி இதுல எறக்குங்க. நான் வர எத்தினி நாளாவுமோ."

போன் அடித்தது. ஆதிநாராயணன். "இன்னாடா, ஒடைச்சிட்டியா?"

"ஒடைச்சிட்டேங்க. பொண்ணு மூஞ்சியும் கிழிஞ்சிபோச்சு. இப்ப ஸ்டேஷனுக்குப் போறேன், ஒடைச்சவன் பேரையும் ஒடைக்கச் சொன்னவன் பேரையும் சொல்ல."

போனை அணைத்துவிட்டு நடந்தான். பதினைந்து வருடத்தில் யாரும் சொல்லாமல் அவனாகச் செய்த முதல் காரியம் அது.