முன்போர்ஷன் வாடகைக்கு

அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் காரைக்குடியில் சொந்த வீடு கட்டிக் குடிபோனோம், நானும் என் மனைவி கல்யாணசுந்தரியும். பிள்ளைகள் இல்லை. நான் லாரி ஆபீஸில் புக்கிங் கிளார்க். அதுவரை உமையாள் ஆச்சி வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தோம். ஆச்சி கெட்டவர் இல்லை. ஆனால் நினைத்த நேரத்தில் உள்ளே வருவார். வந்தால் நாங்கள் எழுந்து நிற்க வேண்டும். யாரும் சொல்லி வைத்ததல்ல, அப்படியே பழகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கல்யாணி எழுந்துவிடுவாள், எச்சில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

புது வீட்டில் இரண்டு போர்ஷன். முன்னால் கூடமும் அறைகளும் எங்களுக்கு. பின்னால் கிணற்றடியை ஒட்டிச் சின்னதாக ஒன்று, வாடகைக்கு. அந்த வாடகை வந்தால்தான் வீட்டுக் கடன் அடையும். பின்னால் வெறும் சிமெண்டுத் தரை. முன்கூடத்தில் ஆத்தங்குடிக் கல். அந்தக் கல்லுக்காகக் கல்யாணி ஆத்தங்குடிக்கு பஸ் ஏறிப் போய்ப் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். பச்சையில் மஞ்சள் பூ. ஒரு பூவில் நிறம் கொஞ்சம் கலங்கியிருந்தாலும் தள்ளி வைத்தாள். வேலை செய்கிறவர்கள், "ஆத்தா, நீங்க வீட்டுக்குப் போங்க, நாங்களே கொண்டாந்து போடுறோம்" என்று கும்பிட்டார்களாம். குடிபோன பிறகு தினமும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பாள். கண்ணாடி மாதிரி முகம் தெரியும். நான் கூடத்தில் ஓரமாகவே நடந்தேன்.

வாசலில் ஓர் அட்டை தொங்கவிட்டேன். 'வீடு வாடகைக்கு' என்று மட்டும் எழுதினேன். எந்தப் பக்கம் என்று எழுதத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் ஆபீஸிலிருந்து வந்தால் கல்யாணி விளக்கேற்றி வைத்துவிட்டு, மடியில் வெற்றிலைத் தட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தட்டில் ரூபாய் நோட்டுகள்.

"ஆள் வந்திருச்சுங்க" என்றாள். "ரேடியோக் கடை அபுதாஹிரும் அவுக சம்சாரம் சுலைகாவும். தங்கமான பிள்ளைக. அட்வான்ஸே கொடுத்துட்டாக."

"நல்லதாப் போச்சு. பின்னாடி புடிச்சிருந்துச்சாமா?"

அவள் கூடத்துத் தரையைப் பார்த்தாள்.

"பின்னாடி இன்னும் காமிக்கலைங்க."

நடந்தது இதுதான். முதல் முதலாக வீடு பார்க்க ஆள் வந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கூடத்தில் நிறுத்தி, "கால வச்சுப் பாருங்க, உச்சி வெயில்லயும் குளுகுளுன்னு இருக்கும்" என்றிருக்கிறாள். குனிந்து தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அறை, அலமாரி, ஜன்னல் என்று ஒன்று விடாமல் காட்டியிருக்கிறாள். பிறகு பின்பக்கம் கூட்டிப் போகத் திரும்பும்போது அபுதாஹிர், "இதையே முடிச்சிருவோம்க்கா" என்று வெற்றிலையில் பணத்தை வைத்து நீட்டிவிட்டான்.

"நீ சொல்ல வேண்டியதுதானே, இது நாங்க இருக்கிற இடம்னு?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அந்தப் புள்ள தரையப் பாத்துச் சிரிக்குது. வாய் அப்படியே நின்னுபோச்சு. கை மட்டும் போயி வாங்கிருச்சு."

"கொடு, இப்பவே கொண்டுபோயித் திருப்பிக் கொடுத்துட்டு வாரேன்."

தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழமை, வெளக்கு வச்சாச்சு. இனி வீட்டுல இருந்து காசு வெளிய போகலாமா? நல்லா இருக்கே நீங்க சொல்றது."

"தரையே போகுது, அது பரவால்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டை, அதுவும் குடியிருக்கிற பாதியை, வாடகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பக்கத்து வீட்டு மலையம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன விசேசம்?" என்று கேட்டாள். கல்யாணி கையை மட்டும் ஆட்டிக் காட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சொல்ல வேண்டியதை நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். தெருமுனை திரும்பினால் எதிரே ஒரு கைவண்டி. மேலே இரும்பு பீரோ படுத்திருந்தது. பக்கத்தில் அம்மி, மெத்தை, ஒரு பெரிய ரேடியோ. வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியிருக்க, அபுதாஹிர் வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நல்ல நேரத்துல வந்தீக. அங்குட்டு ஒரு கை கொடுங்க. இன்னைக்கே வந்துறணும்னு சுலைகா நேத்து ராத்திரி தூங்கவே இல்ல."

கொடுத்தேன். என் வீட்டு வாசல் வரை நானே தள்ளிக்கொண்டு வந்தேன். பையில் பணம் அப்படியே இருந்தது.

வாசலில் கல்யாணி நின்றாள். என்னைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். ஆட்கள் பீரோவை இறக்கி நிலைப்படி தாண்டி இழுக்கப் போனார்கள்.

"இழுக்காதீக" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், தெருவே திரும்பியது. உள்ளே ஓடித் தன் சேலைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். நிலைப்படியிலிருந்து கூடத்து மூலை வரை பாதையாக விரித்தாள். கட்டின சேலை, கட்டாத சேலை, கடைசியில் இடம் போதாமல் கல்யாணத்துக் கூறைச்சேலை. அதன்மேல் பீரோ ஊர்வலமாகப் போயிற்று. மலையம்மாள் வந்து குலவை போட்டாள். கல்யாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள், சிரிப்பில்.

அன்று சாயங்காலம் எங்கள் சட்டிபானையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனோம். அபுதாஹிர்தான் எங்கள் மர அலமாரியைத் தூக்க உதவினான். நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, "எங்களுக்குக் கெணத்தடிதான் வசதி" என்றாள் கல்யாணி. படுத்த பிறகு சிமெண்டுத் தரையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் விழித்துக் கிடந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவள் ஆசைப்பட்டது அந்தக் கூடம் ஒன்றைத்தான்.

காலையில் எண்ணெய்க் கிண்ணமும் துணியுமாகப் போய்த் தன் கதவைத் தானே தட்டினாள். நான் பின்னாலேயே போனேன். கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த சுலைகா விருட்டென்று எழுந்தாள். டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

கல்யாணி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உக்காரு தாயி" என்றாள். "உக்காந்து குடி. எங்க வீட்டுல யாரும் யாருக்காகவும் எந்திரிக்கக் கூடாது."

சுலைகா உட்கார்ந்தாள். கல்யாணி துடைக்க ஆரம்பித்தாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"கேட்டீகளா? எங்க வீட்டுலன்னேன்."

அதன்பிறகு தினமும் போய்த் துடைத்தாள், வந்தவர் போனவர் எல்லாரிடமும் அதைச் சொன்னாள். பால்காரனைக்கூட உட்காரச் சொன்னாள்.

மலையம்மாளால் ரகசியம் தாங்க முடியவில்லை. பங்குனிக்குள் சுலைகாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அபுதாஹிரும் சுலைகாவும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்பக்கம் வந்தார்கள்.

"மன்னிச்சுக்கங்கக்கா. நாங்க இங்குட்டு வந்துர்றோம். நீங்க முன்னாடி போங்க."

நான் கல்யாணியைப் பார்த்தேன். வேண்டியது வாசலுக்கே வந்துவிட்டது.

"போகலாம்தான்" என்றாள். "அப்புறம் முன்னாடி உக்காந்துக்கிட்டு நான் யாரப் பாத்து உக்காருன்னு சொல்றது?" என்று என்னைக் கை காட்டினாள். "இவுகளையா? இவுக எந்த நாள்ல எனக்காக எந்திரிச்சாக?"

சுலைகா சிரித்துவிட்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

எழுபத்தெட்டு ஐப்பசியில் கல்யாணி போய்விட்டாள். நல்ல மழை. பின்பக்கத்தில் வந்தவர்கள் நிற்க இடமில்லை. சுலைகாதான், "அக்கா அங்க இருக்கட்டும்" என்று முன்கூடத்தை ஒழித்துக் கொடுத்தாள். பீரோவை ஆட்கள் தூக்கித்தான் நகர்த்தினார்கள். பச்சையில் மஞ்சள் பூவின்மேல் கல்யாணியைக் கிடத்தினோம்.

மத்தியானம் உமையாள் ஆச்சி வந்தார். கூடத்திலிருந்த எல்லாரும் எழுந்தார்கள். நானும்தான், பழக்கதோஷம்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சுலைகா மட்டும் அசையவில்லை. என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கண்ணே. அக்கா வீட்டுல யாரும் எந்திரிக்கக் கூடாது."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆச்சியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தரையைத் தடவிப் பார்த்தார்.

"முகம் தெரியுதே. யாரு இப்படித் துடைச்சு வச்சிருக்கிறது?"

"வீட்டுக்காரம்மா" என்றாள் சுலைகா.